சுங்குடித் துணியில் ஒரு வெயில் குடை

மதுரையில் வெயிலுக்குக் குடை பிடிக்கும் பெண்களுக்குக் குறைவில்லை. ஆனால் பெரும்பாலோர் கையில் இருப்பது மழைக்காலத்துக்கென்று வாங்கி வைத்த கறுப்பு மடக்குக் குடைதான். புடவைக்குப் பொருத்தமான வளையலைத் தேடி விளக்குத்தூண் பக்கம் அரை நாள் அலையத் தயங்காத நாம், முகத்துக்கு மிக அருகில் விரிந்து நிற்கும் அத்தனை பெரிய துணியின் நிறத்தைப் பற்றி ஒரு நொடிகூட யோசிப்பதில்லை. சென்ற பங்குனியில் தெற்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில், சிறிய துணிக்கடை ஒன்றின் வாசலில் மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை வைத்த சுங்குடிக் குடை ஒன்று விரித்துத் தொங்குவதைப் பார்க்கும் வரை நானும் அப்படித்தான் இருந்தேன். விலை 950 ரூபாய். ஆவணி வரை ஏறத்தாழ நாள்தோறும் அதைப் பயன்படுத்திய பிறகே இதை எழுதுகிறேன்.

முதலில் துணியைச் சொல்ல வேண்டும். இது அச்சுச் சுங்குடி அன்று. நூலால் முடிச்சிட்டுச் சாயம் தோய்த்த அசல் சுங்குடி. சாயம் ஏறாத வெண்புள்ளிகள் ஒன்றுபோல் ஒன்று இல்லாமல் சற்றே கோணலாகவும், ஒவ்வொன்றின் நடுவிலும் முடிச்சின் தடமாக ஒரு சிறு நிறப்பொட்டுடனும் இருப்பதைக் கொண்டு இதை அறியலாம். நாயக்கர் காலத்திலிருந்து மதுரையில் சௌராஷ்டிரக் குடும்பங்கள் காத்து வரும் இந்தக் கைவேலை, புடவையாகக் கட்டும்போது மடிப்புகளுக்குள் பாதி மறைந்துவிடுகிறது. குடையிலோ எட்டுக் கம்பிகளுக்கு இடையே துணி விறைப்பாக இழுபட்டு நிற்பதால் ஒவ்வொரு புள்ளியும் தனித்துத் தெரிகிறது. அண்ணாந்து பார்த்தால் மஞ்சள் விரிப்பில் பொரியைச் சிதறினாற்போல் இருக்கிறது. கரைத்துணியை வீணாக்காமல் விளிம்பைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குச் சுருக்கு வைத்துத் தைத்திருக்கிறார்கள். பிடி வளைந்த பிரம்பு. முழங்கையில் மாட்டிக்கொள்ளலாம், வியர்வையில் வழுக்குவதில்லை.

இதன் உண்மையான அழகு நிழலின் நிறத்தில் இருக்கிறது. வெயில் துணி வழியே வடிந்து இறங்கும்போது அதன் சாயலை முகத்தில் படியவைக்கிறது. நீலக் குடையின் கீழ் முகம் வெளிறித் தெரியும். மஞ்சளின் கீழ், நம் மாநிறத்துக்கு, மாலை வெயிலில் நின்றாற்போன்ற ஒளி வருகிறது. ஆகவே குடை வாங்குகிறவர்கள் கடைக்குள் விளக்கொளியில் பார்த்து முடிவு செய்யாமல், வாசலுக்கு வந்து விரித்து, கூட வந்தவரிடம் முகத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல வேண்டும். என் இலைப்பச்சைப் புடவைக்கும் வெள்ளைச் சுடிதாருக்கும் இந்த மஞ்சள் அருமையாகப் பொருந்துகிறது. ரோஜா நிறப் பட்டுக்குப் பொருந்தவில்லை.

பிடிக்கும் முறையும் அலங்காரத்தில் சேர்ந்ததே. காலையிலும் மாலையிலும் காம்பைத் தோளில் சாய்த்துக் கதிர் வரும் பக்கமாகக் குடையைத் திருப்பினால் போதும், கை வலிப்பதில்லை. சித்திரை பிறக்கும் நாட்களிலோ மதுரையில் நண்பகல் சூரியன் ஏறத்தாழ நேர் உச்சியில் நிற்கிறது. அப்போது குடையை நிமிர்த்திப் பிடித்தால்தான் நிழல் நம்மீது விழும். வாகனங்கள் வராத சித்திரை வீதிகளில், கல் தளம் காலைச் சுடும் அந்த வேளையில் நடந்து பார்த்தேன். விட்டம் சுமார் 90 செ.மீ. இருப்பதால் இரு தோள்களும் நிழலுக்குள் அடங்கின.

ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டுப் பெண்கள் ஆடைக்கு ஆடை தனிக் குடை வைத்திருந்ததைப் பலரும் வியந்து பேசுவார்கள். நமக்கும் இது புதிதன்று. பாண்டியரின் வெண்கொற்றக் குடை மழைக்காகப் பிடித்ததில்லை. ‘குடை நிழல்’ என்றாலே ஆட்சி என்று பொருள்கொண்ட மொழி இது. சாமி புறப்பாட்டில் இன்றும் அலங்காரக் குடை உண்டு. சாமிக்கும் அரசனுக்கும் இருந்த அந்தச் சிறப்பு, பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் ஒரு பெண்ணின் கைக்கு வருவது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது.

குறைகளும் உள்ளன. இது மடங்காத நீளக் குடை. கூட்டம் நிறைந்த நகரப் பேருந்தில் பக்கத்தில் இருப்பவரைக் குத்திவிடாமல் பார்த்துக்கொள்வது பெரும்பாடு. ஆடிக் காற்றில் ஒரு நாள் குடை மேல்நோக்கிப் புரண்டு, ஒரு கம்பியின் நுனியில் தையல் விட்டுப்போனது. எல்லாவற்றிலும் முக்கியமானது பாதுகாப்பு: யூபிஎஃப் 50 என்று முத்திரையிட்ட துணி, புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்கை மட்டுமே உள்ளே விடும், இதற்கு அத்தகைய முத்திரை எதுவும் இல்லை. மெல்லிய வெளிர்நிறப் பருத்தி, நெருக்கமாக நெய்த அடர்நிறத் துணி அளவுக்குக் கதிரைத் தடுக்காது. வெயில் ஒவ்வாத தோல் உள்ளவர்கள் இதை மட்டும் நம்பக் கூடாது.

தையல் விட்ட குடையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். உரிமையாளர் நான் நிற்கும்போதே தைத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. “அக்கா, சோப்புப் போட்டுத் துவைச்சுறாதீங்க. ஈரத்துணியால துடைச்சு, நிழல்ல விரிச்சு வச்சிருங்க; இல்லைன்னா கம்பியில துருப் பிடிச்சுத் துணியில கறை ஏறிரும்” என்று அவர் சொன்னதை அப்படியே கடைப்பிடிக்கிறேன்; இதுவரை சாயம் மங்கவில்லை. உள்பக்கம் அடர்நிற லைனிங் வைத்துத் தரமுடியுமா என்று கேட்டேன். 200 ரூபாய் கூடும், நிழலில் மஞ்சள் தெரியாது என்றார். அதனால் மஞ்சள் குடையை அப்படியே வைத்துக்கொண்டு, உச்சி வெயிலுக்கென்று லைனிங் வைத்த அரக்குக் குடை ஒன்றுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.