வாக்குமூலம் கொடுக்கப் போகிறீர்களா? முதலில் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்

பழைய கைத்தொலைபேசி ஒன்றை வாங்கி 185,000 ரூபாய் போய்விட்டது. போதாததற்குத் திருட்டுப் பொருள் வைத்திருந்தவன் என்ற பெயரும் வந்து சேர்ந்திருக்கிறது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு சந்துக்குள் இருக்கிற கடையில்தான் அதை வாங்கினேன். இணைய விளம்பரத் தளம் ஒன்றில் பார்த்துவிட்டுத்தான் போனேன். கடைக்காரர் தமிழர். "ஆறு மாதத்துக்கு நான் பொறுப்பு, தம்பி" என்று சொல்லிக் கையால் பில் எழுதித் தந்தார். அதில் ஐ.எம்.இ.ஐ. எண் (ஒவ்வொரு தொலைபேசிக்கும் உரிய தனி அடையாள எண்) இல்லை. சில வாரங்களில் பொலிஸிலிருந்து அழைப்பு வந்தது. அது களவுபோன தொலைபேசியாம்.

பொலிஸ் நிலையத்தில் சார்ஜன்ட் கதிரையை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தார். "நீங்கள் சாட்சி மட்டும்தான் மல்லி (தம்பி). பத்து நிமிட வேலை. இதற்குப் போய் லோயர் எதற்கு, வீண் செலவு" என்றார். அந்தக் கனிவை நம்பினேன். சிங்களம் நன்றாகப் பேசுவேன். கையெழுத்தில் இருந்தால் வாசிக்க வராது. விலையைக் கேட்டார். "புதியதைவிடக் குறைவு, பழையதுதானே" என்றேன். விறுவிறுவென்று எழுதி, ஒப்பமிடச் சொல்லி நீட்டினார். தொலைபேசியையும் சான்றுப்பொருளாக எடுத்துக்கொண்டார்.

பிறகு, நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடைப் பகுதியில் ஒரு சட்டத்தரணி அந்த வாக்குமூலத்தின் பிரதியை வாசித்துக் காட்டினார். "விலை குறைவாக இருந்தபடியால் எனக்குச் சந்தேகம் ஏற்பட்டது" என்று இருக்கிறது! கடைசியில், வாசித்து விளங்கப்படுத்தியதாகவும் நான் சரியென ஏற்றதாகவும் ஒரு வரி. ஒரு சொல்லைக்கூட எவரும் வாசித்துக் காட்டவில்லை. பொருள் களவானது என்று தெரிந்திருந்ததா, நம்பக் காரணம் இருந்ததா என்பதில்தான் இந்தக் குற்றமே நிற்கிறது. பொலிஸாரிடம் கொடுக்கும் குற்ற ஒப்புதலைச் சாட்சியக் கட்டளைச் சட்டம் ஏற்காது என்பது உண்மைதான் (பயங்கரவாதத் தடைச் சட்ட வழக்குகளில் அந்தப் பாதுகாப்பும் முழுதாக இல்லை). ஆனால் நாளை நான் சாட்சிக் கூண்டில் ஏறி உண்மையைச் சொன்னால், "அன்று வேறு விதமாகச் சொன்னீர்களே" என்று அதே தாளைக் காட்டி மடக்கலாம்.

கடைக்குப் போனால், "முதலாளி கண்டிக்குப் போயிருக்கிறார்." மறுபடி போனால், "இது எங்கள் பில்லே இல்லை." விளம்பரத் தளமோ, வாங்குபவரும் விற்பவரும் பேசித் தீர்க்க வேண்டிய விடயம் என்று இரண்டு வரி அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. சார்ஜன்ட் இப்போது தலை நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. "கோர்ட்டில் கேளுங்கள்" என்கிறார். 185,000 ரூபாயை எந்தக் கோர்ட் என் கையில் தரப்போகிறது?

விரிவாக ஆலோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போதைக்கு இவ்வளவுதான். சாட்சி என்று கூப்பிட்டாலும் முதலில் ஒரு சட்டத்தரணியிடம் பேசுங்கள். சட்டத்தரணிகள் பொலிஸ் நிலையங்களில் தோன்றுவது பற்றிய 2012 விதிகளின்படி அவர் உங்களுக்காகப் பொலிஸ் நிலையத்துக்கு வரலாம். உங்களையே குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்லச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. தமிழில் எழுதக் கேளுங்கள், வாசிக்க முடியாததில் ஒப்பமிடாதீர்கள். வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம். பில்லில் ஐ.எம்.இ.ஐ. எண் இல்லாமல் எந்தக் கடையிலும் காசை எண்ணிக் கொடுக்காதீர்கள். மிச்சத்தை வழக்குத் தவணை முடிந்து வந்து எழுதுகிறேன்.