உப்புநீர் மீன்தொட்டியோடு வீடு மாறுவது: ஒரே நாளிலா, இரண்டு கட்டமாகவா?

காலையில் பழைய வீட்டில் தொட்டியைப் பிரித்து, இரவுக்குள் புது வீட்டில் நிறுத்தி, மீனை இறக்கிவிடலாம். அல்லது புது வீட்டில் ஒரு வாரம் முன்பே பெரிய டப் ஒன்றில் உப்புநீரை ஓடவிட்டு, மாறும் நாளில் மீன்களை அதில் இறக்கி, தொட்டியை நாலைந்து நாள் எடுத்துக்கொண்டு அமைக்கலாம். வேலூரில் சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடிக்கு மாறுகிற தூரம், நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டி என்று வைத்துக்கொண்டு இரண்டையும் பார்க்கலாம். நாங்கள் தேர்ந்தது இரண்டாவது வழி. இந்த அளவுத் தொட்டிக்கு அதையே சொல்வோம்.

மீன்களைக் கடையில் விட்டுவைப்பது மூன்றாவது வழிபோலத் தோன்றும். கடைத் தொட்டிகளில் வெண்புள்ளி நோய் சுற்றிக்கொண்டிருக்கலாம். அதற்குப் போடும் செம்பு மருந்து இறாலையும் பவளத்தையும் கொன்றுவிடும். அந்த வழியை விட்டுவிடலாம்.

செலவிலும் உழைப்பிலும் ஒரே நாள் வழி மலிவு. டப் வாங்க வேண்டாம், மீனை இரண்டு முறை பிடிக்க வேண்டாம், குட்டியானை ஒரு நடை போதும். இரண்டு கட்ட வழியில் உப்பு கூடுதலாகச் செலவாகும்; ஒரு வாரம் இரண்டு வீட்டு வாடகையும் ஓடும். இவ்வளவும் முதல் வழிக்குச் சாதகம்தான். ஆனால் முடிவைத் தீர்மானிப்பது தொட்டியின் அடியில் கிடக்கும் மணல்.

ஓடுகிற தொட்டியில் மணலின் மேல்பரப்புக்கு ஆக்சிஜன் கிடைக்கும். கீழே போகப் போக அது குறையும்; மிஞ்சிய தீனியும் கழிவும் அங்கே படியும். சில இடங்களில் கறுப்புத் திட்டுகள் தெரியும். கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அது ஹைட்ரஜன் சல்பைடு. கிளறாதவரை அடுக்கு அடுக்காக அடங்கிக் கிடப்பதால் மீனுக்குத் தொந்தரவில்லை. முறத்தால் அள்ளி வாளியில் போட்ட கணமே எல்லாம் கலந்துவிடும். மணலுக்குள் வாழ்ந்த புழுக்களும் நசுங்கிச் சாகும். அதை அப்படியே புது வீட்டில் கொட்டினால் அம்மோனியா ஏறும். உப்புநீரின் பி.எச். 8.1 முதல் 8.3 வரை இருப்பதால், அம்மோனியாவின் நச்சுப் பங்கும் அதிகம்.

மணலைக் கழுவினால் தீர்ந்தது என்று தோன்றும். இந்தத் தொட்டியில் மூன்று சென்டிமீட்டர் மணல் என்றாலே சுமார் 25 கிலோ வரும். வாளிக்கு நாலைந்து கிலோவாகப் போட்டு, தண்ணீர் தெளியும்வரை பத்துப் பன்னிரண்டு முறை அலச வேண்டும். ஒரே நாள் வழியில் மணலின் முறை வருவதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். அறையெல்லாம் மூட்டை, எல்லோருக்கும் இடுப்பு வலி. பாதி கழுவிய மணல் தொட்டிக்குள் போகும். அன்று இரவு சோதித்தால் அம்மோனியா காட்டாது, தப்பித்தோம் என்று தோன்றும். செத்தவை அழுகத் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில்தான் சோதனைக் கிட்டில் நிறம் மாறும். இரண்டு கட்ட வழியில் மீன்கள் டப்பில் பத்திரமாக இருக்க, மணலை ஆற அமரக் கழுவலாம், அல்லது முழுவதும் புது ஆரகோனைட் (சுண்ணாம்பு வகை) மணலாகப் போடலாம். எங்கள் சாய்வுக்கு இதுவே முதல் காரணம்.

கழுவினால் நல்ல பாக்டீரியா போய்விடுமே என்ற பயம் நியாயமானது. அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா பெரும்பாலும் லைவ் ராக் என்னும் நுண்ணுயிர் வாழும் கடல் பாறையிலும், வடிகட்டிக்குள் இருக்கும் ஃபில்டர் மீடியாவிலும் ஒட்டியிருக்கும். அவை இரண்டும் உலராமல், வேகாமல் வந்து சேர்ந்தால் போதும். விதைக்கு வேண்டுமானால் மேல்பரப்பிலிருந்து ஒரு டம்ளர் சுத்தமான மணல் எடுத்துவைத்துக் கடைசியில் தூவலாம். தண்ணீரில் பாக்டீரியா மிகக் குறைவு. பழைய தண்ணீரைச் சுமப்பது மீனுக்குப் பழகிய உப்பும் காரத்தன்மையும் தொடர்வதற்காக மட்டும். மேலிருக்கும் தெளிந்த பாதி போதும், அடிக்கலங்கலைக் கொட்டிவிடலாம்.

தண்ணீர் தயாரிப்பும் ஒரே நாளில் அடங்காத வேலை. வேலூர்ப் பக்கம் போர்வெல் தண்ணீர் கடினமானது. உப்புநீர் தொட்டிக்கு அதை நேராகப் பயன்படுத்த முடியாது. வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் மணிக்கு எட்டுப் பத்து லிட்டர்தான் தரும், ஆக 200 லிட்டருக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். பல வீட்டு இயந்திரங்களில் சுவைக்காக மூலத்தண்ணீரைக் கொஞ்சம் திரும்பக் கலக்கும் திருகு ஒன்று இருக்கும். அதை மூடி, மெம்பிரேனிலிருந்து வரும் குழாயை நேராக டிரம்முக்கு விடுங்கள். டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) பத்துக்குள் வந்தால் நல்லது. கேன் தண்ணீர் என்றால் ஒவ்வொரு கேனையும் மீட்டரில் பார்க்க வேண்டும். தாது சேர்த்த கேன்களும் வரும். 200 லிட்டருக்குச் சுமார் ஏழரைக் கிலோ செயற்கைக் கடலுப்பு. பம்ப் ஓட 24 மணி நேரம் கலந்த பிறகு, உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் 1.025 வருகிறதா என்று பார்க்கலாம். மீன் இருக்கும் தண்ணீரில் உப்பைக் கொட்டவே கூடாது.

நம் வழக்கமே இங்கே கைகொடுக்கிறது. பால் காய்ச்சும் நாளுக்கும் சாமான் ஏற்றும் நாளுக்கும் நடுவே பல வீடுகளில் சில நாள் இடைவெளி விழும். பால் காய்ச்சிய அன்றே சாவி கையில் இருக்கும்; அன்றே ஆர்.ஓ. குழாயைத் திறந்துவிடலாம். மூன்றாம் நாள் 150 லிட்டர் டப்பில் 100 லிட்டர் புது உப்புநீர், தண்ணீரைச் சுழற்ற ஒரு பவர்ஹெட் பம்ப், பாதி லைவ் ராக். பாறை பாதியானதால் பழைய தொட்டியில் தீனியையும் பாதியாகக் குறைக்க வேண்டும்.

மாறும் நாள் எப்படிப் போகும் என்றால்: அதற்கு இரண்டு நாள் முன்பே தீனி நிறுத்தம். விடிகாலை ஐந்து மணிக்குத் தொடங்கி, தெளிந்த தண்ணீரை முதலில் கேன்களில் பிடித்துவிட்டு, மீதிப் பாறையை எடுத்தபின் மீன்களைப் பிடிப்பது. பாறை இருக்கும்போது வலையோடு துரத்தினால் மணல் கலங்கும், மீனும் களைக்கும். ஜோடி கோமாளி மீன் ஒரு வாளியில், சண்டைக்கார டாம்சல் மீன் தனியே. அனிமோன் (பூப்போல விரியும் கடலுயிர்) பாறையைப் பிடித்திருந்தால் பிய்க்காமல் பாறையோடு தூக்க வேண்டும். பாதம் கிழிந்தால் பிழைப்பது கடினம். மூடியுள்ள வாளிகள் பேட்டரி ஏர் பம்போடு ஏ.சி. காரில் போகட்டும், பாறையும் தண்ணீரும் குட்டியானையில். டப்பில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கலந்து 45 நிமிடம் பழக்கி இறக்கி, உடனே வலைமூடி போட வேண்டும், ஃபயர்ஃபிஷ் போன்ற மீன்கள் வெளியே குதிக்கும். பவளங்கள் நாலைந்து நாள் மங்கிய வெளிச்சத்தைத் தாங்கும்.

தொட்டியை முற்றிலும் காலியாகத்தான் தூக்க வேண்டும். பத்து மில்லிமீட்டர் கண்ணாடியில் அதுவே ஐம்பது கிலோவுக்கு மேல் வரும். அடியில் இரண்டு விரற்கடை மணல் விட்டுத் தூக்கினாலும் கண்ணாடி முறுக்கி அடித்தையலின் சிலிகான் பிரியலாம். புது இடத்தில் தெர்மகோல் விரித்து, ரசமட்டம் பார்த்து, குழாய்த் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் முழுக்கக் கசிவு பார்க்க வேண்டும். ஒரே நாள் வழியில் இந்தச் சோதனைக்கு நேரமே கிடையாது. சில்லரை (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) வண்டியில் சாய்த்து ஏற்றியிருந்தால், நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் கழித்தே ஓட்டலாம்.

இரண்டு கட்ட வழியின் பலவீனம் வெயில். ஆடியில் வீடு மாறமாட்டோம் என்று வைகாசியில் மாறுகிறோம். கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. மொட்டைமாடிக்குக் கீழே பூட்டிய அறையில் டப் தண்ணீர் 31 டிகிரியைத் தொட்டுவிடும். நீர்ப்பரப்பில் ஒரு ஃபேன் அடித்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாகும் அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரையே ஊற்ற வேண்டும். மீன் வரும்போது சில்லரும் உடன் வந்தாக வேண்டும். புதுத் தெருவின் மாதாந்திர மின்தடை நாளையும் முன்பே கேட்டுவைக்கலாம். பம்ப் இன்வெர்ட்டரில் ஓடும், சில்லர் பெரும்பாலும் ஓடாது.

அறுபது லிட்டர் நானோ தொட்டிக்கும், மணலே இல்லாத தொட்டிக்கும் ஒரே நாள் வழியே சரி. சென்னைக்கோ பெங்களூருக்கோ மாறினாலும் அதேதான்; டப்பை அங்கே வைத்துவிட்டு இங்கிருந்து கவனிக்க முடியாது. ஆறடிக்கு மேலான தொட்டிக்கும், கூர்நுனிப் பவளங்கள் நிறைந்த தொட்டிக்கும் நம் கணக்கை அப்படியே நீட்டாமல், அவற்றை மாற்றிய கை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

எந்த வழியானாலும் முதல் பத்து நாள் தினமும் அம்மோனியா சோதனை. 0.25 பி.பி.எம். காட்டினால் தீனியைக் குறைக்கவும், 0.5 வந்தால் தயாராக வைத்திருக்கும் உப்புநீரால் மூன்றில் ஒரு பங்கு மாற்றவும். அதற்கு வேண்டிய அறுபது லிட்டர் உப்புநீரை, கடைசி மூட்டை பிரிக்கும்வரை டிரம்மில் பம்ப் ஓட வைத்திருங்கள்.