டிரான்ஸ்மிட்டருக்குத் தனி பேட்டரியா, கேமரா பேட்டரியிலிருந்து டி-டாப்பா?

கல்யாண மண்டபத்தில் கேமராவிலிருந்து எல்இடி வால் என்ற பெரிய திரைக்கு வயர்லெஸ்ஸில் படம் அனுப்புகிறவர்கள் எந்த பிராண்டு, எத்தனை அடி போகும், எத்தனை மில்லிசெகண்ட் தாமதம் என்று மாதக்கணக்கில் அலசிவிட்டுத்தான் டிரான்ஸ்மிட்டர் வாங்குகிறார்கள். வாங்கியபின் அதற்குக் கரண்ட் எங்கிருந்து எடுப்பது என்பதை மட்டும் பையில் அகப்பட்ட கேபிள் தீர்மானித்துவிடுகிறது. வழி இரண்டு. கேமராவை ஓட்டும் பெரிய வி-மவுண்ட் பேட்டரியின் டி-டாப்பிலிருந்து, அதாவது அதிலுள்ள இரண்டு முள் பவர் சாக்கெட்டிலிருந்து, ஒரு வயர் இழுத்துக்கொள்ளலாம். அல்லது டிரான்ஸ்மிட்டரின் முதுகிலுள்ள பிளேட்டில் என்பி-எஃப் என்ற சின்ன பேட்டரி ஒன்றை மாட்டிவிடலாம்.

தோள் கேமரா, டிரைபாட் கேமரா இரண்டிலும் நான் தேர்ந்தெடுத்தது என்பி-எஃப். எவ்வளவு நேரம் ஓடும் என்பதற்காக அல்ல, கேமராவின் எஸ்டிஐ போர்ட் (டிரான்ஸ்மிட்டருக்குக் கேபிளில் படம் வெளியேறும் இடம்) உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காக.

நேரக் கணக்கைச் சட்டென்று முடித்துவிடுவோம். இந்த வகை டிரான்ஸ்மிட்டர்கள் பெரும்பாலும் 7 முதல் 10 வாட் வரை இழுக்கும்; 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். என்பி-எஃப்பில் பெரிதான எஃப்970 அளவு பேட்டரி சுமார் 47 வாட்-ஹவர், நிஜத்தில் 5 மணி நேரம் தாங்கும். சின்னதான எஃப்550 சுமார் 16 வாட்-ஹவர், ஒன்றரை மணி நேரத்தில் மாற்றத் தயாராக இருக்க வேண்டும். டி-டாப் பக்கம் பார்த்தால், 98 வாட்-ஹவர் வி-மவுண்டில் கேமராவும் மானிட்டரும் சேர்ந்து 30 வாட் இழுத்தால் மூன்றேகால் மணி நேரம் வரும். டிரான்ஸ்மிட்டரையும் அதிலேயே தொங்கவிட்டால் சுமார் 40 நிமிடம் குறையும். எடையில் எஃப்970 முந்நூறு கிராம் கூடுதல். இரண்டு பக்கமும் சமாளிக்கக்கூடிய வித்தியாசம்தான்.

விஷயம் மைனஸில் இருக்கிறது. டி-டாப்பில் ஓடும்போது கேமராவும் டிரான்ஸ்மிட்டரும் ஒரே பேட்டரியின் மைனஸைப் பகிர்கின்றன. எஸ்டிஐ கேபிளின் மேலுறையான ஷீல்டும் இரண்டின் மைனஸையும் இணைக்கிறது. ஆக, டிரான்ஸ்மிட்டரிலிருந்து கரண்ட் பேட்டரிக்குத் திரும்ப இரண்டு பாதைகள்: ஒன்று டி-டாப் வயரின் மைனஸ், மற்றொன்று எஸ்டிஐ ஷீல்டு வழியாகக் கேமராவுக்குள் போய் அங்கிருந்து பேட்டரிக்கு. முதல் பாதை நன்றாக இருக்கும்வரை பிரச்சினை தெரியாது.

இப்போது எஸ்டிஐ ஏற்கெனவே மாட்டியிருக்க, டி-டாப்பைக் கொஞ்சம் சாய்வாகச் செருகுகிறீர்கள். பிளஸ் முள் தொட்டுவிட்டது, மைனஸ் முள் இன்னும் தொடவில்லை. டிரான்ஸ்மிட்டரின் உள்ளே காலியாக இருக்கும் கெப்பாசிட்டர்கள் அந்தக் கணமே கரண்டை உறிஞ்சத் தொடங்கும். திரும்பிப் போக மைனஸ் வயர் இல்லாததால் அந்த முழு வேகமும் எஸ்டிஐ ஷீல்டு வழியாகக் கேமராவுக்குள் பாய்கிறது. எஸ்டிஐ கேபிள் முனையிலுள்ள பிஎன்சி பிளக் சரியாகத் திருகிப் பூட்டப்படாமல் நடு முள் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் இன்னும் மோசம். கரண்ட் நேராக எஸ்டிஐ சிக்னலை வெளியே தள்ளும் சிப்பின் வழியாகப் போகும். சில வோல்ட்டுக்கு மேல் தாங்காத சிப் அது. கண் இமைக்கும் நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

இதில் எரிச்சல் என்னவென்றால் புகையோ வாசனையோ எதுவும் வராது. கேமரா ஓடும், கார்டில் ரெக்கார்டு ஆகும், எச்டிஎம்ஐயில் படம் வரும். எஸ்டிஐ மட்டும் செத்திருக்கும். எல்லோரும் கேபிளை மாற்றிப் பார்ப்பார்கள், பிறகு டிரான்ஸ்மிட்டரைத் திட்டுவார்கள். கடைசியில்தான் கேமரா போர்டு போயிருப்பது தெரியும்.

இன்னொரு வகை இதைவிடக் கள்ளத்தனமானது. டி-டாப் கேபிளை நாள்தோறும் சுருட்டி மடக்கியதில் மைனஸ் கம்பி உள்ளுக்குள் அறுந்துவிடுகிறது. ஆனாலும் டிரான்ஸ்மிட்டர் ஓடுகிறது, ஏனென்றால் கரண்ட் எஸ்டிஐ ஷீல்டு வழியே திரும்பிக்கொண்டிருக்கிறது. வாரக்கணக்கில் அப்படியே ஓடும். கண்டுபிடிக்கச் சுலபமான சோதனை ஒன்று உண்டு: எஸ்டிஐயைக் கழற்றுங்கள். டிரான்ஸ்மிட்டர் அதோடு அணைந்தால் கேபிளின் மைனஸ் போய்விட்டது என்று அர்த்தம். ஆனால் நல்ல கேமராவில் இதைச் செய்துபார்க்காதீர்கள். கேபிளைத் தனியே எடுத்து மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலை) வைத்து, டி-டாப்பின் மைனஸ் முள்ளுக்கும் மறுமுனைப் பிளக்கின் வெளிச் சிலிண்டருக்கும் பிடியுங்கள். இரு முனைகளிலும் கேபிள் கழுத்தை வளைத்துக்கொண்டே கேளுங்கள். பீப் சத்தம் ஒரு தடவை விட்டு வந்தாலும் அந்தக் கேபிளை வெட்டிப் போடுங்கள். ஓரமாக வைத்தால் அவசரத்தில் யாராவது எடுத்து மாட்டுவார்கள்.

என்பி-எஃப் மாட்டும்போது இந்தச் சுற்றே மூடுவதில்லை. டிரான்ஸ்மிட்டரின் பேட்டரிக்கும் கேமராவின் பேட்டரிக்கும் இடையே ஷீல்டைத் தவிர வேறு தொடர்பு கிடையாது. திரும்பிப் போக வழி இல்லாத இடத்தில் கரண்ட் பாயாது. ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன்: சிந்தெடிக் கம்பளத்தில் நடந்து வந்து பிஎன்சியைத் தொட்டால் வரும் ஸ்டாட்டிக் எந்த பேட்டரி என்று பார்க்காது. ஆனால் அடிக்கடி நடக்கிற காரணம் விலகிவிடுகிறது. சில டிரான்ஸ்மிட்டர்களில் என்பி-எஃப், டிசி இன்புட் இரண்டையும் ஒரே நேரத்தில் மாட்டலாம். பேட்டரி மாற்றும்போது படம் நிற்காது என்று பலர் அப்படிச் செய்கிறார்கள். அந்த டிசி கேமரா பேட்டரியிலிருந்து வந்தால் மைனஸ் பகிர்வு திரும்ப வந்துவிடும், தனி பேட்டரி போட்டும் பயனில்லை.

டி-டாப்தான் போட்டாக வேண்டும் என்றால் வரிசையை விடக் கூடாது. முதலில் ஆன்டெனா இரண்டையும் திருகுங்கள். ஆன்டெனா இல்லாமல் ஆன் செய்தால் வெளியே போக வேண்டிய சக்தி உள்ளேயே திரும்பி ஆம்ப்ளிஃபயரைக் கெடுக்கும். அடுத்து எஸ்டிஐ கழற்றிய நிலையில் டி-டாப்பை நேராக, கடைசிவரை அழுத்துங்கள். டிரான்ஸ்மிட்டர் ஆன் ஆகி நிலைக்கட்டும். அதன்பிறகுதான் பிஎன்சி, அதையும் திருகிப் பூட்டும்வரை. கழற்றும்போது தலைகீழ்: முதலில் பிஎன்சி, பிறகு பவர். பேட்டரி மாற்றும்போதும் இதேதான், அங்கேதான் எல்லோரும் சோம்பேறித்தனப்படுகிறார்கள். ஆரி போன்ற கேமரா நிறுவனங்கள் எஸ்டிஐ போர்ட்டைக் காப்பாற்றச் சொல்லும் வரிசையும் இதுவே. தாலி கட்டுகிற நேரத்தில் பேட்டரி மாற்றும் அசிஸ்டென்ட் தம்பி இதை ஞாபகம் வைத்துச் செய்வாரா என்று யோசித்துப் பாருங்கள். மறந்தாலும் சேதமாகாத ஏற்பாடு எதுவோ, என் ஓட்டு அதற்கு.

வோல்டேஜும் டி-டாப்புக்கு எதிராகவே பேசுகிறது. வி-மவுண்ட் மேல் 14.4 என்று எழுதியிருந்தாலும் சார்ஜரிலிருந்து எடுத்தவுடன் 16.8 வோல்ட் இருக்கும். டிரான்ஸ்மிட்டர் லேபிளில் 6–16 வோல்ட் என்று இருந்தால் முதல் அரை மணி நேரம் நீங்கள் எல்லைக்கு வெளியே ஓட்டுகிறீர்கள். பல மாடல்கள் இதற்கு மேலும் தாங்கும்படி வருகின்றன, அதனால் உங்கள் பெட்டியின் லேபிளைப் பாருங்கள். என்பி-எஃப் முழு சார்ஜில் 8.4 வோல்ட்தான். மலிவான டி-டாப் பிளக்குகள் மெல்லிய பிளாஸ்டிக். பலமாக அழுத்தினால் தலைகீழாகவும் நுழையும், பிளஸ் மைனஸ் மாறினால் டிரான்ஸ்மிட்டர் போயே போச்சு. மறுமுனை உருளைப் பிளக்கில் 2.1 மில்லிமீட்டர், 2.5 மில்லிமீட்டர் என்று இரண்டு உள்ளளவு உண்டு. 2.1 முள்ளில் 2.5 பிளக் நுழைந்துவிடும், ஆனால் தளர்வாக ஆடும். ஆடும்போதெல்லாம் டிரான்ஸ்மிட்டர் அணைந்து எழும், எல்இடி வால் கருப்பாகும்.

திரைப் பக்கம் படத்தை வாங்கும் ரிசீவரை யாரும் கவனிப்பதில்லை. அங்கேயும் இதே கதை, பேட்டரிக்குப் பதில் மண்டபத்துக் கரண்ட். ரிசீவர் ஒரு இரண்டு முள் அடாப்டரில், எந்தப் படம் திரைக்குப் போகும் என்று மாற்றும் ஸ்விட்சர் வேறு பிளக் பாயின்ட்டில், இடையில் ஜெனரேட்டர் மாறுதல். இரண்டு முள் அடாப்டரின் அவுட்புட் எர்த் இல்லாமல் மிதக்கும். விரலில் கிலுகிலுவென்று உணர்வது அந்தக் கசிவுதான். எச்டிஎம்ஐயைச் செருகும் கணத்தில் அது போர்ட் வழியாக இறங்கும். ரிசீவருக்கும் என்பி-எஃப் போட்டால் இந்தத் தொல்லை இல்லை, கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும்வரை லிங்க்கும் அறுபடாது. அடாப்டர்தான் என்றால் ஸ்விட்சர் இருக்கும் அதே ஸ்பைக் பஸ்டரில் மாட்டுங்கள், வீடியோ கேபிளை முதலில் மாட்டிவிட்டு சுவிட்சை அப்புறம் போடுங்கள். இங்கே வரிசை டி-டாப்புக்கு நேர் எதிர் என்பதைக் கவனியுங்கள்: இங்கே பயப்பட வேண்டியது மிதக்கும் கசிவுக்கு, எல்லாம் அணைந்திருக்கையில் கேபிள் இணைவதே நல்லது.

என்பி-எஃப்பின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். முதல் குறை போலி. மேலே கொள்ளளவு 8800, 10000 என்று என்ன எண் வேண்டுமானாலும் அச்சடிப்பார்கள், தராசு பொய் சொல்லாது. எஃப்970 உள்ளே 18650 என்ற உருளை செல் ஆறு இருக்க வேண்டும். ஒரு செல் 45 கிராமுக்கு மேல், கூட்டினால் 280–300 கிராம். கையில் எடுத்தது 180 கிராம் என்றால் உள்ளே செல் குறைவு. இதே கணக்கில் எஃப்750 இருநூறு, எஃப்550 நூறு கிராம் அளவில் நிற்கும். கடையிலேயே நகைத் தராசோ சமையல் தராசோ கேளுங்கள், சிரித்தால் சிரிக்கட்டும்.

இரண்டாவது, சூடு. டிரான்ஸ்மிட்டர் ஓடும்போது உடம்பு கொதிக்கும். அதன் முதுகிலேயே பேட்டரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. சூடு செல்லைத்தான் தின்னும். ஃபேன் துளையை வெல்க்ரோவாலோ கேமராவைச் சுற்றிய கேஜ் தகட்டாலோ மூடாதீர்கள். வெயிலில் ரிசப்ஷன் ஊர்வலம் என்றால் பேட்டரிக்கு நிழல் கொடுங்கள், வெள்ளைத் துணி போதும், துளைகளை விட்டுவிட்டுப் போர்த்த வேண்டும். கழற்றிய பேட்டரி கையில் சூடாக இருக்கும்போது சார்ஜரில் போடாதீர்கள், 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றுவது லித்தியத்துக்கு ஆகாது. கத்திரி வெயிலில் பூட்டிய காரின் டேஷ்போர்டில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போவதும் அதே ரகம்.

மூன்றாவது, உப்பல். பிளேட்டில் வழுக்கி நுழைந்த பேட்டரி ஒரு நாள் இறுக்கமாக நுழைந்தால் அன்றோடு அதற்கு ஓய்வு கொடுங்கள். நெம்பி எடுக்க ஸ்க்ரூடிரைவரைத் தொடாதீர்கள். முனைகளில் டேப் ஒட்டி, தனியே வெளியில் உலோகப் பெட்டியில் வைத்து, மின்கழிவு எடுப்பவரிடம் கொடுக்க வேண்டும். இந்த மூன்று குறைகளும் வாரம் ஒருமுறை கையால் தடவிப் பார்த்தாலே தெரிபவை. எஸ்டிஐ போர்ட் சாவது அப்படிக் கண்ணில் படாது.

நான்காவதாக ஒன்று: தனி பேட்டரி தனியாகவே தீரும். கேமராமேன் வியூஃபைண்டரில் அது தெரியாது. 7 வோல்ட் அளவுக்கு இறங்கும்போதே மாற்றிவிடுங்கள். முகூர்த்தத்துக்கு அரை மணி முன் எவ்வளவு இருந்தாலும் புதுசு போடுங்கள். இதில் ஒரு நல்லதும் இருக்கிறது: கேமரா பேட்டரி மாற்றும்போது லிங்க் அறுபடாது, திரும்ப இணைய வேண்டிய வேலை இல்லை.

ஜிப் கிரேன் நுனியில் மட்டும் டி-டாப் பக்கம் சாய்வேன். ஒவ்வொரு பேட்டரி மாற்றத்துக்கும் கிரேனின் கையை இறக்க முடியாது. அங்கேயும் கேமரா பேட்டரியிலிருந்து எடுக்காமல், பின்னால் எதிர் எடைப் பக்கம் டிரான்ஸ்மிட்டருக்கென்று தனி வி-மவுண்ட் ஒன்று கட்டி அதன் டி-டாப்பிலிருந்து இழுத்தால் மைனஸ் பகிர்வும் இல்லை, நாள் முழுக்கவும் ஓடும். கிம்பலில் (மோட்டாரால் ஆட்டம் தடுக்கும் பிடி) எஃப்550 போதும், அதற்கு மேல் எடை மோட்டாரை முனகவைக்கும். பவர் பேங்க் யோசனை வருகிறவர்களுக்கு: இன்னொரு போர்ட்டில் எதையாவது செருகினாலே பல பவர் பேங்க்குகள் எல்லா அவுட்புட்டையும் ஒரு கணம் அணைத்து எழும். யாராவது அதில் போன் சார்ஜ் போடும் வரைதான் உங்கள் படம் ஓடும்.

எதில் ஓட்டினாலும் டிரான்ஸ்மிட்டரைத் தோள் கேமராவின் தலைப்பக்கம் கட்டாதீர்கள். ஆன்டெனாவுக்கும் உடம்புக்கும் 20 சென்டிமீட்டர் இடைவெளி கையேடுகளில் வழக்கமாகக் கேட்பது. 5 ஜிகாஹெர்ட்ஸை மனித உடம்பு நன்றாக உறிஞ்சும் என்பதால், மேஜிக் ஆர்ம் என்ற மடக்குக் கையில் கொஞ்சம் உயர்த்திக் கட்டினால் படமும் விட்டு விட்டு வராது. என்பி-எஃப் மாட்டிய டிரான்ஸ்மிட்டர் அரைக் கிலோவை நெருங்கும், ஆர்மின் திருகை இறுக்கிய கையோடு கேஜுக்கு ஒரு நைலான் கயிறும் கட்டிவிடுங்கள். கீழே மணமேடையில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள்.