கலைஞரே கைவிட்ட ஆல்பங்களும் உப்புக்காற்றும்: நீண்டநாள் பயன்பாட்டு அனுபவம்

ஒரு இசைக்கலைஞர் தன் ஆல்பத்தைப் பிடிக்கவில்லை என்று ஒதுக்கிவிட்டால், அதைப் பராமரிக்க ஆள் இல்லாமல் போகிறது. மறுபதிப்பு வருடக்கணக்கில் தள்ளிப்போகும். வந்தாலும் ஒரு பாட்டு காணாமல் போயிருக்கும், அல்லது மிக்ஸிங் மாறியிருக்கும். ரசிகர் கையில் இருக்கும் எல்பி, கேசட், சிடிதான் அந்த ஆல்பத்துக்கு மிச்சம். அந்தக் கை மண்டபத்திலோ கீழக்கரையிலோ தொண்டியிலோ இருந்தால், பாம்பனின் பழைய ரயில் பாலத்தை அரித்த அதே காற்றோடுதான் அதை வைத்து வாழவேண்டும். 1914இல் திறந்த அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது துருவால்தான். ஒரு கேசட்டின் திருகும் ஸ்பிரிங்கும் அந்தக் காற்றுக்கு எம்மாத்திரம்?

எந்த ஆல்பத்துக்கு இந்தப் பாடு தகும் என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

கனடா பாடகர் நீல் யங்கின் ‘டைம் ஃபேட்ஸ் அவே’ (1973) முதலிடம். அவருடைய முந்தைய ஆல்பம் ‘ஹார்வெஸ்ட்’ பெரிய வெற்றி பெற்ற கையோடு, கிதார் கலைஞர் டேனி விட்டன் 1972 நவம்பரில் இறந்த துக்கத்தோடு போன சுற்றுப்பயணத்தின் மேடைப்பதிவு அது. தான் போட்ட தட்டுகளிலேயே மோசமானது என்று யங் பிறகு சொன்னார். அந்தக் காலத்தில் தனக்கு நடந்ததன் ஆவணமாக மட்டும் அதை ஒப்புக்கொண்டார். ரசிகர்கள் அதைத் தேடுவதும் அந்த ஆவணத்துக்காகத்தான். குரல் உடைகிறது, வாத்தியங்கள் ஒன்றையொன்று முந்துகின்றன, அதைத் திருத்த யாரும் முயலவில்லை. 16 டிராக் நாடாவிலிருந்து கணினி உதவியோடு மிக்ஸ் செய்து நேராகத் தட்டுக்கு வெட்டியதால், வழக்கமான இரண்டு டிராக் மாஸ்டர், அதாவது மறுபதிப்புக்கு உதவும் மூல நாடா, அதற்கு இல்லை. எல்பி மறுபதிப்பு 2014இல் ஒரு பெட்டித் தொகுப்பில் வந்தது, சிடி 2017இல். அதற்கு முன் சிடி வடிவில் எதையாவது பார்த்தால் அது அதிகாரபூர்வ வெளியீடு அல்ல. இன்று புதிதாக வாங்குபவர் 2017 சிடியை வாங்கினால் போதும். பழைய எல்பி வைத்திருப்பவர் அதை விடவேண்டாம்.

ஜெர்மன் மின்னிசைக் குழுவான கிராஃப்ட்வெர்க்கின் முதல் மூன்று ஆல்பங்கள் (1970, 1972, 1973) நிலைமை இதைவிடக் கடினம். 2009இல் குழுவே வெளியிட்ட எட்டு ஆல்பத் தொகுப்பு 1974இன் ‘ஆட்டோபான்’ தொட்டுத்தான் தொடங்குகிறது. முந்தைய மூன்றுக்கும் அதிகாரபூர்வ சிடியே கிடையாது. புல்லாங்குழலும் ஆர்கனும் நிஜ டிரம்ஸும் கலந்த அந்த இசையைக் கேட்க வேண்டுமானால் அக்கால எல்பி, இல்லையென்றால் எல்பியிலிருந்து எடுத்த கள்ளச் சிடி. கள்ளச் சிடியைக் கண்டுபிடிப்பது சுலபம். பாட்டு தொடங்குவதற்கு முந்தைய அமைதியில் ஒலியைக் கூட்டிக் கேளுங்கள்; ஊசி ஓடும் இரைச்சலும் வெடிப்பும் கேட்கும். சிலவற்றில் இரைச்சலை அழிக்கிறேன் பேர்வழி என்று புல்லாங்குழலின் மூச்சையும் சேர்த்து அழித்திருப்பார்கள். இரைச்சலோடு இருப்பதே மேல்.

ஆங்கிலேயப் பாடகர் டேவிட் போவியின் ‘நெவர் லெட் மி டவுன்’ (1987) இன்னொரு வகை. தன் வாழ்வின் அடிமட்டம் என்று போவி கருதிய ஆல்பம். 1995 மறுபதிப்பு முதல் ‘டூ டிஸ்ஸி’ என்ற பாட்டையே எடுத்துவிட்டார். அவர் மறைவுக்குப் பிறகு, 2018இல், குரலை வைத்துக்கொண்டு வாத்தியங்களைப் புதிதாக வாசித்து ஒரு மறு ஆக்கம் வந்தது. கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் பழையதன் இடத்தில் வைக்க முடியாது. முழு ஆல்பம் வேண்டுமென்றால் 1987 பதிப்பைத்தான் தேடவேண்டும், அதிலும் சிடியை. அந்த வருட எல்பியில் பல பாட்டுகள் சிடியைவிடச் சுருக்கமாக வெட்டப்பட்டவை.

அமெரிக்கப் பாடகர் பிரின்ஸின் ‘பிளாக் ஆல்பம்’ 1987 டிசம்பரில், வெளியாக வேண்டிய நேரத்தில், அவராலேயே திரும்பப் பெறப்பட்டது. 1994இல் அதிகாரபூர்வமாக வரும்வரை உலகம் முழுக்கக் கள்ள நகல்களாகவே சுற்றியது, கேசட்டிலும். நகலுக்கு நகல் எடுக்கும்போது சமமான நாடா இரைச்சல் சேர்ந்தால் முதல் நகலில் 3 டெசிபல் கூடும், அதன்மேல் வேகப் பிழையும் சேரும். 1994 சிடி கிடைத்தால் கேசட்டைத் தேடாதீர்கள். அமெரிக்க ராக் குழு வீசரின் ‘பிங்கர்டன்’ (1996) போல, ஒதுக்கிய கலைஞரே மனம் மாறி 2010இல் விரிவான பதிப்புக் கொடுத்தவற்றுக்கு நாம் ஒன்றும் செய்யவேண்டியதில்லை. கடையில் இருக்கிறது.

இனி உப்பு. கடலோரத்தில் கேசட்டையும் சிடியையும் கெடுப்பது வெறும் ஈரம் இல்லை. காற்றில் வரும் உப்புத்தூள் எதன்மேலும் படிகிறது. ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு தானாகவே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். ஸ்பிரிங், திருகு, ஹெட், சிடியின் அலுமினியப் படலம் எல்லாம் அந்தக் கரைசலில்தான் அரிபடும். நம் கடற்கரையில் இரவு முழுக்க ஈரப்பதம் அந்த எல்லையைச் சாதாரணமாகத் தாண்டும். கச்சான் (தென்மேற்கு) காற்றில் தென்கடல் பக்கமும் வாடையில் வடகடல் பக்கமும் உப்பு அதிகம். ராமேஸ்வரம் தீவிலும் மண்டபத்திலும் இரண்டுமே உண்டு. அலமாரியைக் கடல் பார்த்த சுவரில் வைக்காதீர்கள்.

இதற்கு வழி ஒரு உலர்பெட்டி: மூடி ரப்பர் உள்ள 20 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே ஒரு சின்ன ஹைக்ரோமீட்டர் (ஈரப்பதமானி), ஈரம் உறிஞ்சும் ஆரஞ்சு நிறச் சிலிக்கா ஜெல் 300 கிராம். 40 முதல் 50 சதவீதம் வரை நின்றால் சரி. பலருக்கும் இது முதல் வாரத்திலேயே தோற்றதுபோலத் தெரியும். பெட்டிக்குள் இருக்கும் காற்றில் அரை கிராம் நீர்கூட இருக்காது. நீர் முழுக்க அட்டையிலும் உள்தாளிலும் இருக்கிறது. 80 சதவீத ஈரத்தில் ஊறிய ஒரு கிலோ அட்டை, 45க்கு இறங்கும்போது ஏறக்குறைய 50 கிராம் நீரைக் கக்கும். அதனால் முதல் சிலிக்கா சீக்கிரமே நிறம் மாறும். மாற்றிப்போட்ட இரண்டாவது தொகுதி, பெட்டியை அடிக்கடி திறக்காவிட்டால், மாதக்கணக்கில் நிற்கும். நிறம் மாறியதை மறுபடி பயன்படுத்த ஓவனில் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைக்கவேண்டும். கருவாடு காயும் வெயிலில் சிலிக்கா காயாது. நம் காற்றில் வெளியே பரப்பினால் இன்னும் நீரைத்தான் குடிக்கும். நீல நிறச் சிலிக்காவில் கோபால்ட் உப்பு உண்டு, வீட்டில் வேண்டாம்.

ஏசி அறையில் வைத்தால் போதாதா என்பார்கள். வைக்கலாம், வெளியே எடுக்கும்போதுதான் வம்பு. 30 டிகிரி, 80 சதவீத ஈரத்தில் பனிநிலை (காற்றின் நீர் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 26 டிகிரி. 24 டிகிரி அறையிலிருந்து எடுத்த தட்டு வெளிக்காற்றில் உடனே வியர்க்கும். ஜிப் கவரில் போட்டு மூடியபடியே வெளியே கொண்டுவந்து, இரண்டு மணி நேரம் கழித்துத் திறக்கவேண்டும்.

எல்பி கழுவ ஊர்த் தண்ணீர் ஆகாது. போர் தண்ணீரில் உப்பு. கேன் தண்ணீரிலும் கொஞ்சம் கனிமம் மிச்சமிருக்கும், காய்ந்தபின் பள்ளத்தில் வெள்ளையாகத் தங்கும். பேட்டரிக் கடையில் ஐந்து லிட்டர் கேனில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர்தான் சரி. பூஞ்சை பூத்த தட்டை முகக்கவசம் போட்டு வெளியில் வைத்து உலர்வாகத் துடைத்துவிட்டு, பிறகு கழுவுங்கள். லேபிள் நனையக்கூடாது. வெறும் ஆல்கஹாலால் துடைப்பது இங்கே பலிக்காது: உப்பு அதில் ஏறக்குறைய கரையவே கரையாது, இடம் மாறித் தேய்க்கும். கழுவிய தட்டைப் பழைய தாள் உறையில் திரும்பப் போடாமல் பாலித்தீன் உள்ளுறை வாங்குங்கள். மினுமினுக்கும் பிவிசி உறை நாளடைவில் தட்டின்மேல் மங்கலைப் படியவைக்கும்.

கேசட் டெக்கின் ஹெட்டுக்கும் இதே வரிசைதான். பஞ்சுக்குச்சியில் சொட்டு டிஸ்டில்டு வாட்டர் தொட்டு உப்பை எடுத்துவிட்டு, அடுத்த குச்சியில் 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் நீரும் வேறு பொருளும் கலந்திருக்கும், தவிர்க்கலாம். கல்ஃபிலிருந்து இந்தப் பக்கம் வந்த ஜப்பான் டெக்குகள் கட்டுறுதியானவை, பெல்ட் மட்டும் கரைந்து தார் மாதிரி ஒட்டிக்கிடக்கும். அந்தத் தாரை ஆல்கஹாலால் கப்பியிலிருந்து ஒரு துளி விடாமல் எடுக்கவேண்டும். மிச்சமிருந்தால் புதுப் பெல்ட்டும் வழுக்கி ஒலி அலையும். பழைய பெல்ட் நீண்டிருக்கும், அதன் அளவைவிட 5 சதவீதம் சின்னதாக வாங்குங்கள்.

வேகத்தைச் சரிபார்க்காமல் பதிவு எடுக்காதீர்கள். 1 சதவீதம் கூடினால் சுருதி 17 சென்ட் ஏறும். 3 சதவீதம் என்றால் அரை ஸ்வரத்தில் பாதி. 3,000 ஹெர்ட்ஸ் சோதனை நாடா ஒன்று வாங்குவது நல்லது. இல்லையென்றால், அதே பாட்டின் அதிகாரபூர்வ சிடி இருந்தால் ஃபோனில் டியூனர் ஆப் வைத்து ஒப்பிடலாம். மோட்டாரின் பின்பக்கத் துளைக்குள் இருக்கும் திருகை மெல்லத் திருப்பினால் வேகம் மாறும். அடுத்தது அசிமுத், அதாவது நாடாவுக்கு ஹெட் நிற்கும் கோணம்: அதை மாற்றுவது ஹெட் பக்கத்துச் சின்னத் திருகு. மோனோவில் கேட்டுக்கொண்டே, சிம்பல் ஒலி அதிகபட்சம் கூர்மையாகும் இடத்தில் நிறுத்துங்கள். நகல் கேசட்டுகள் ஒவ்வொன்றும் வேறு டெக்கில் பதிந்தவை, ஆகவே இதை ஒவ்வொரு கேசட்டுக்கும் செய்யவேண்டும். பிரின்ஸ் நகல்கள் மந்தமாக ஒலிக்கப் பாதிக் காரணம் இந்தத் திருகுதான்.

ஒலி வந்து வந்து மங்கினால் நாடாவைக் குறை சொல்லுமுன் பிரஷர் பேடைப் பாருங்கள். ஈரத்தில் பசை விட்டு அந்தச் சின்னக் கம்பளித்துண்டு விழுந்திருக்கும். ஐந்து திருகு உள்ள காலிக் கேசட் ஒன்றைத் திறந்து நாடாவை அதற்குள் மாற்றிவிடுவதே நிலையான வழி. ஒட்டவைத்த கூடுகளைக் கத்தியால் விளிம்பில் பிளக்கலாம், நாடாவில் கத்தி படாமல். அறுந்ததை ஒட்ட ஸ்ப்ளைசிங் டேப் மட்டும். செலோடேப்பின் பசை நம் வெக்கையில் பக்கத்துச் சுற்றுக்கும் பரவும். சி-90 நாடா 12 மைக்ரான் கனம்தான், சி-60ஐவிட மெலிசு. அதை வேகமாகச் சுற்றி நிறுத்தாதீர்கள். பதிவு எடுக்குமுன் ஒருமுறை முழுதாக முன்னும் பின்னும் ஓடவிட்டால் ஒட்டியிருக்கும் சுற்றுகள் பிரியும்.

பதிவு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் போதும், கேசட்டுக்கு அதற்குமேல் தேவையில்லை. உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வைத்தால் உடையாது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபி ஆகும், ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கும் கோப்பு வடிவம்) ஆக்கினால் இன்னும் குறையும். லேப்டாப்பைச் சார்ஜரிலிருந்து கழற்றிப் பேட்டரியில் ஓட்டுங்கள்: பாதி வீடுகளில் ரீங்காரம் அதோடு போய்விடும், நடுவில் கரண்ட் போனாலும் அதுவரை எடுத்தது தங்கும். முதல் பதிவில் எந்த இரைச்சல் நீக்கமும் வேண்டாம். தொடாத கோப்பை அப்படியே வைத்துவிட்டு, கேட்பதற்கு வேறு நகலில் கை வையுங்கள்.

சிடியைப் பல்பு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசித்துளை போல வெளிச்சம் தெரிந்தால் அரிப்பு தொடங்கியிருக்கலாம். லேபிள் பக்கம் அலுமினியத்தின் மேல் இருப்பது மெல்லிய அரக்குப் பூச்சுதான், அங்கேதான் உப்பு இறங்கும். 1988 முதல் 1993 வரை இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலையில் அச்சான சில சிடிகள் விளிம்பிலிருந்து பழுப்பேறும். அது உப்பால் அல்ல, தயாரிப்பிலேயே வந்த கோளாறு. அப்படிப்பட்டதைக் கண்டால் அன்றைக்கே கணினிக்கு எடுத்துவிடவேண்டும், எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருளின் செக்யூர் முறையில். பிழை காட்டும் டிராக்கை மெதுவான வேகத்தில் மறுபடி எடுங்கள். வேறு டிரைவில் சிலசமயம் சரியாக வரும்.

கோப்பின் பெயரில் ஆண்டு, நாடு, எந்தப் பதிப்பு, எந்த வடிவம் என்று நான்கையும் எழுதுங்கள். போவி ஆல்பத்துக்கு ‘1987 சிடி’ என்றும் ‘2018 மறு ஆக்கம்’ என்றும் தனித்தனிக் கோப்புறை இல்லாவிட்டால், சில வருடம் கழித்து மியூசிக் ஆப் இரண்டையும் ஒன்றாக்கி, ‘டூ டிஸ்ஸி’யை எங்கோ தள்ளிவிடும். ஒரு நகல் உலர்பெட்டிக்குள் ஹார்டு டிஸ்கில், இன்னொன்று கடற்கரையை விட்டு உள்ளே, மதுரையிலோ மானாமதுரையிலோ உள்ள சொந்தக்காரர் வீட்டில். இவை சொந்தக் கேட்புக்கு மட்டும். அந்தக் கலைஞர் தன் ஆல்பத்தை வெறுக்க உரிமை உள்ளவர். அதை அவர் முன்னால் விற்பனைக்கு நீட்டுவது ரசிகர் வேலையல்ல.