பெரிய எழுத்து ஒத்துவாக்கிய வேதாகமம்: ஓராண்டு வாசித்தபின் எழுதும் மதிப்பீடு

சென்ற ஆண்டு தவக்காலத்தின் தொடக்கத்தில், பழைய திருப்புதலில், அதாவது பழைய மொழிபெயர்ப்பில், அச்சான பெரிய எழுத்து வேதாகமம் ஒன்றை, நடுப்பத்தியில் ஒத்துவாக்கியங்கள் (ஒரே செய்தியைத் தொடும் பிற வசனங்களின் எண்கள்) உள்ள பதிப்பாகத் தேடி வாங்கினேன். கண்ணாடி அணிந்தும் பழைய வேதாகமத்தின் சிற்றெழுத்து தெரியாமற்போனது ஒரு காரணம். மற்றொரு காரணத்தைச் சொல்லாமல் இந்த மதிப்பீட்டை எழுதுவது நேர்மையாகாது. எங்கள் சபைச் சேகரத்தில் 22 ஆண்டுகளாக ஞாயிறு பள்ளி நடத்திவரும் எனக்கு, அவற்றில் 18 ஆண்டுகள் தோள்கொடுத்து நின்ற, நான் அக்கா என்றே அழைத்த உடன் ஊழியக்காரி, பிள்ளைகளின் பரிசுப் பணத்தில் நான் கைவைத்ததாக ஊரில் சொல்லிவிட்டு வகுப்பை விட்டுப் போய்விட்டார். கணக்குப் புத்தகத்தைச் சபைக் கமிட்டி பார்த்துச் சரி என்று எழுதித் தந்தபிறகும், என் உடன்பிறந்த அண்ணனே நெருப்பில்லாமல் புகையுமா என்று கேட்டார். வகுப்பை விட்டுவிடுகிறேன் என்று குருவானவரிடம் சொன்னபோது, ஈஸ்டர் வரை பொறுத்திருங்கள் அம்மா என்று மட்டும் சொன்னார். அந்த நாற்பது நாட்களுக்காக வாங்கிய புத்தகம் இது.

புத்தகத்தின் உடல்நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய இரண்டு கிலோ எடை இருக்கும். மடியில் வைத்து நெடுநேரம் வாசிக்க இயலாது, மேசை வேண்டும். வசன எழுத்து தெளிவாகவும் கறுப்பாகவும் அச்சாகியிருக்கிறது, மாலை விளக்கொளியிலும் கண் உறுத்தவில்லை. ரெக்சின் அட்டை ஓராண்டுக்குப் பிறகும் உரியவில்லை. ஆனால் தாள் மெல்லியது. பேனாவால் கோடிட்டால் மறுபக்கம் ஊறுகிறது என்பதால் பென்சிலையே பயன்படுத்துகிறேன்.

இப்பதிப்பின் உண்மையான பயன் நடுப்பத்தியில்தான் இருக்கிறது. ஒரு வசனத்தின் அருகிலுள்ள சிறு எழுத்தைப் பிடித்துக்கொண்டு நடுவில் பார்த்தால், அதே செய்தியைத் தொடும் வேறு வசனங்களின் எண்கள் கிடைக்கின்றன. நம்பியவர்கள் கைவிட்டதால் மனம் உடைந்திருக்கும் ஒருவர், தனக்கு வேண்டிய ஆறுதலைத் தேடித் தேடிப் படித்தால் தன் காயத்தையே சுற்றிச் சுற்றி வருவார். நான் அப்படித்தான் 55ஆம் சங்கீதத்தில் பல நாட்கள் நின்றுவிட்டேன். சத்துரு நிந்தித்தால் சகித்துக்கொள்வேன், கூடவே தேவாலயத்துக்கு வந்த தோழனல்லவா இதைச் செய்தான் என்று அங்கே தாவீது அழுகிறார். அது என் அழுகையாகவே இருந்தது. ஒத்துவாக்கிய எண்கள் என்னை அங்கே உட்கார விடவில்லை. ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் நடத்திக்கொண்டே போயின.

முதலில் யோசேப்பிடம் போனேன். ஞாயிறு பள்ளியில் எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்த கதைதான். பதினேழு வயதில் சகோதரர் விற்றுப்போட்டார்கள், முப்பது வயதில் பார்வோனுக்கு முன்பாக நின்றான் என்று பிள்ளைகளை மனனம் செய்யவைத்திருக்கிறேன். இடையிலுள்ள 13 ஆண்டுகளை நான் ஒருநாளும் நிதானமாக வாசித்ததில்லை என்பது இப்போதுதான் விளங்கியது. ஆதியாகமம் 40ஆம் அதிகாரத்தில், சிறையிலிருக்கும் யோசேப்பு காலையில் மற்ற இரு கைதிகளிடம் போனபோது அவர்கள் முகம் வாடியிருப்பதைக் கண்டு, ஏன் துக்கமாயிருக்கிறீர்கள் என்று கேட்கிறான். சொந்த அண்ணன்மாரால் விற்கப்பட்டு, எஜமானின் மனைவியால் பொய்க்குற்றம் சுமத்தப்பட்டு உள்ளே கிடக்கும் ஒருவனுக்கு, பிறர் முகத்தைப் பார்க்கும் கண் இன்னும் மிஞ்சியிருந்தது. கனவின் பொருளைச் சொல்லும் வரம் அவனிடம் தொடர்ந்து வேலை செய்ததும் அந்தக் கேள்விக்குப் பிறகுதான். அந்த உதவியைப் பெற்ற, இரு கைதிகளில் ஒருவனான பானபாத்திரக்காரன் அவனை மறந்தே போனான். அடுத்த அதிகாரம் இரண்டு வருஷம் சென்றபின்பு என்றுதான் தொடங்குகிறது. நானோ அந்த நாட்களில் வகுப்புக்கு வந்த பிள்ளைகளின் முகத்தை ஏறிட்டும் பார்க்காமல் பாடத்தை ஒப்பித்துவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். அந்த வசனத்தின் ஓரத்தில் பென்சிலால் தேதி குறித்திருக்கிறேன்.

அதைவிட நீண்ட பயணம், பவுல் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 4ஆம் அதிகாரத்தில் தொடங்கியது. தேமா இப்பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்துத் தன்னைவிட்டுப் போய்விட்டதாகப் பவுல் எழுதுமிடத்தில், நடுப்பத்தி கொலோசெயர் 4:14ஐயும் பிலேமோன் 24ஐயும் காட்டுகிறது. பிலேமோனுக்குத் திருப்பியபோது, பவுல் தன் உடன்வேலையாட்கள் என்று சொல்லும் பெயர்கள் ஒரே வசனத்தில் வருகின்றன: மாற்கு, அரிஸ்தர்க்கு, தேமா, லூக்கா. அந்த நிருபத்தை எழுதிய நாளில் தேமா விலகுவார் என்று யாருக்குத் தெரியும்! அதே வசனத்திலுள்ள மாற்குவோ முன்பே ஒருமுறை விலகிப்போனவர். அப்போஸ்தலர் நடபடிகள் 13ஆம் அதிகாரத்தில், பம்பிலியாவிலுள்ள பெர்கேயில் பவுலையும் உடன் ஊழியர் பர்னபாவையும் விட்டு எருசலேமுக்குத் திரும்பினார். 15ஆம் அதிகாரத்தில் அவரை மறுபடி அழைத்துப்போவதைப் பற்றிப் பவுலுக்கும் பர்னபாவுக்கும் கடுங்கோபம் மூண்டு, இருவரும் பிரிந்தே போனார்கள். பர்னபா மாற்குவோடு சீப்புரு தீவுக்கும், பவுல் சீலாவோடு சீரியா, சிலிசியா நாடுகளுக்கும் சென்றார்கள். நட்பு முறிந்தது, ஆனால் சபைகளைத் திடப்படுத்தும் வேலையை இருவரில் ஒருவரும் நிறுத்தவில்லை. ஆண்டுகள் கழிந்தபின், தேமா போய்விட்டதைச் சொல்லும் அதே அதிகாரத்தின் 11ஆம் வசனத்தில், மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று பவுல் எழுதுகிறார். போனவர் வந்ததும், இருந்தவர் போனதும் நான்கு தாள்களுக்குள் எனக்குக் கிடைத்தன. அன்று இரவு நான் சாப்பிடவும் மறந்து அந்த மேசையிலேயே இருந்தேன்.

அந்த அதிகாரத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். முதல் விசாரணையில் ஒருவரும் கூட நிற்கவில்லை, எல்லாரும் கைவிட்டார்கள், கர்த்தரே துணைநின்றார் என்று எழுதுகிற பவுல், இனி எனக்கு மனிதர் தேவையில்லை என்று எழுதவில்லை. சீக்கிரம் வா, மாரிகாலத்துக்கு முன்னே வந்துசேர் என்று தீமோத்தேயுவைக் கெஞ்சுகிறார். துரோவாவில் விட்டுவந்த மேலங்கியையும் புத்தகங்களையும் தோற்சுருள்களையும் கேட்கிறார். கைவிட்டவர்கள்மேல் அந்தக் குற்றம் சுமராதிருப்பதாக என்கிறார், என்றாலும் நடந்ததை நடக்காததுபோல மூடிமறைக்கவும் இல்லை. தேமாவின் பெயரைச் சொல்லியே எழுதுகிறார். உறவில் அடிபட்ட நம்மிடம், எல்லாவற்றையும் மறந்து உடனே பழையபடி பழகுங்கள் என்று சொல்லும் ஆலோசகர்கள் இந்த அதிகாரத்தைப் பொறுமையாக வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். தீர்க்கதரிசியான எரேமியாவுக்கும் அப்படித்தான் நேர்ந்தது. அவருடைய சொந்த ஊரான ஆனதோத்தின் மனிதர் அவருடைய பிராணனை வாங்கத் தேடினார்கள், உன் சகோதரரே உனக்குத் துரோகம் செய்தார்கள் என்று 12ஆம் அதிகாரத்தில் கர்த்தரே அவரிடம் சொல்கிறார். அவர்களை நம்பு என்று அங்கே சொல்லப்படவில்லை. இனிப் பேசமாட்டேன் என்று எரேமியா முடிவெடுத்தபோதும், எலும்புகளில் அடைபட்ட அக்கினியைப்போல வார்த்தை அவரை விடவில்லை என்று 20ஆம் அதிகாரம் காட்டுகிறது.

இந்தப் புத்தகம் நம் மொழியில் வந்த வரலாறும் இதே பாதையில்தான் நடந்திருக்கிறது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்குவை, 1708இன் இறுதியில் நான்கு மாதங்கள் சிறையில் அடைத்தவர் அங்கிருந்த டென்மார்க் நாட்டுக் குடியேற்றத்தின் கிறிஸ்தவத் தளபதியே. விடுதலையான பிறகும் அவர் மொழிபெயர்ப்பை விடவில்லை. தமிழ் புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. பழைய ஏற்பாட்டில் ரூத் வரை முடித்திருந்த நிலையில் 1719இல், 36ஆம் வயதில் அவர் இறந்தார். எஞ்சியதை வேறு கைகள் முடித்தன. ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்வதேயில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

குறைகளுக்கு வருகிறேன். பெரிய எழுத்து என்று விற்கும் பதிப்பில், நடுப்பத்தி எண்களை மட்டும் கடுகளவில் அச்சிட்டிருப்பது பெருங்குறை. இந்தப் பதிப்பை நாடும் முதியவர்களுக்குத்தான் அந்த எண்கள் மிகவும் தேவை. நான் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்க்கிறேன். இரண்டு இடங்களில் வசன எண் தவறாக இருந்தது. ஆதியாகமத்தின் பக்கங்கள் தையலில் தளர்ந்து வருகின்றன. பின்னிணைப்பில் வரைபடங்கள் இருக்கின்றன, ஆனால் சொல்லடைவு மிகச் சுருக்கமானது. துரோவா அதில் இல்லை. பக்கம் குறிக்கும் நாடா ஒன்றுதான், அதுவும் மூன்றாம் மாதமே பிரிந்துவிட்டது. ஜிப் உறையை வாங்க வேண்டாம், தாளின் ஓரத்தைக் கடித்துக் கிழிக்கிறது.

இவ்வளவு குறைகளிருந்தும், வகுப்பு எடுப்பவர்களுக்கும், வேலையைப் பாதியில் போட்டுவிடலாமா என்று கலங்கி நிற்பவர்களுக்கும் இந்த அமைப்புள்ள பதிப்பை மனமார்ந்து பரிந்துரைக்கிறேன். இணையத்தில் வாங்காமல் கடைக்கு நேரில் சென்று, பிலேமோன் நிருபத்தைத் திறந்து, 24ஆம் வசனத்துக்கு நேரேயுள்ள நடுப்பத்தி எண்கள் உங்கள் கண்ணுக்குத் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரியாவிட்டால் வேறு பிரதியைக் கேளுங்கள், அச்சின் மை பிரதிக்குப் பிரதி மாறுகிறது.

அக்காவிடம் இன்னும் பேச்சில்லை. ஈஸ்டருக்குப் பிறகு குருவானவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு வகுப்பைத் திறந்தேன். இந்த மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளிக்குப் பெரிய வகுப்பின் பாடமாக யோசேப்பின் சிறைக்காலத்தை எடுத்திருக்கிறேன். அறுந்துபோன நாடாவுக்குப் பதிலாக, குருத்தோலை ஞாயிறன்று ஒரு சிறுமி மடித்துத் தந்த ஓலைச் சிலுவை பிலேமோனில் இருக்கிறது.