மருந்தின் பெயர் இல்லாத குளிசை உறைகள்: பிரஷருக்கு மருந்து குடிக்கும் தோட்டத்து ஆட்கள் கவனத்துக்கு

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்மாவோ அப்பாவோ டாக்டர் எழுதிய துண்டு இல்லாமல் டவுன் பார்மசியில் பிரஷர் குளிசை வாங்கிக் குடிக்கிறார்கள் என்றால், இப்போதே எழுந்துபோய் அந்தக் கடதாசி உறையைப் பாருங்கள். மருந்தின் பெயர் எழுதியிருக்கிறதா? எங்கள் அம்மாவின் உறைகளில் 'காலை 1', 'இரவு 1' என்பதைத் தவிர வேறு ஒரு எழுத்தும் இல்லை. அந்த உறைகளுக்கு மாதம் 4620 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் ஊர் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டம். அம்மாவுக்கு 53 வயது, இன்னும் கொழுந்து எடுக்கிறார். நான் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை. தம்பி உயர்தரம் படிக்கிறான். பிரஷர் இருப்பது தெரிந்து நான்கு வருடமாக அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில் காட்டி, அம்லோடிபின் 5 மில்லிகிராம் இரவில் ஒன்று என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. காசு இல்லை, இலவசம். ஆனால் கிளினிக் நாளில் விடியற்காலையே போய் நம்பர் எடுக்க வேண்டும். திரும்பி வரும்போது மத்தியானம் தாண்டிவிடும். அன்றைக்குப் பேர் கிடையாது, அதாவது நாள் சம்பளம் இல்லை. நடந்ததெல்லாம் 2025இல், அப்போது நாள் சம்பளம் 1350 ரூபாய். 'இலவச' மருந்துக்கு அம்மா கொடுத்த விலை அதுதான்.

ஒரு மாதம் கிளினிக்கில் அந்தக் குளிசை முடிந்துவிட்டது என்று வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்தார்கள். 2022இல் டொலர் இல்லாமல் நாடே மருந்துக்கு அலைந்த காலத்திலிருந்து அப்படித் துண்டு வாங்குவது எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. அம்மா துண்டோடு டவுனில் பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட இருக்கிற ஒரு பார்மசிக்குப் போனார். கடையின் பெயரை இங்கே போடவில்லை. எனக்கு வழக்குப் பேசக் காசு இல்லை.

கவுண்டரில் இருந்தவர் துண்டை வாசித்துவிட்டுச் சிரித்தாராம். "அம்மா, இந்த அஞ்செல்லாம் உங்களுக்கு வேலை செய்யாது. கிளினிக்ல குடுக்கிறது மாவு. வெளிநாட்டுக் குளிசை இருக்கு, பத்து. ஒண்ணு போட்டா பிரஷர் ஓடிரும்." ஒரு குளிசை 72 ரூபாய். டாக்டர் எழுதியது ஐந்து, இவர் கொடுத்தது பத்து. அம்மாவுக்கு அது புரியவில்லை. பெரிய நம்பர் என்றால் நல்ல மருந்து என்று நினைத்துக்கொண்டார். அவரை அம்மா 'டாக்டரையா' என்றுதான் கூப்பிடுவார், லயத்தில் எல்லோரும் அப்படித்தான். அவர் ஒருதடவைகூட "நான் டாக்டர் இல்லை" என்று திருத்தியதில்லை.

அடுத்த மாதம் கிளினிக்கில் குளிசை வந்துவிட்டது. ஆனால் அம்மா போகவில்லை. பார்மசி என்றால் வேலை முடிந்து சாயங்காலம் போகலாம், வரிசை இல்லை, பேரும் போகாது. நானும் போனில் "சரி, நல்ல மருந்தாவே குடிங்க, நான் காசு அனுப்புறேன்" என்றேன். அம்மாவுக்குப் பிரைவேட் மருந்து வாங்கிக் கொடுக்கிறேன் என்று கடையில் கூட வேலை செய்கிற பிள்ளைகளிடம் பெருமையாக வேறு சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

கொஞ்ச நாளில் அம்மாவின் கணுக்கால் இரண்டும் வீங்கத் தொடங்கியது. சாயங்காலம் செருப்பு ஏறாது. விரலால் அழுத்தினால் குழி விழும். இது அம்லோடிபின் குடிக்கிறவர்களுக்கு வரக்கூடிய சாதாரணப் பக்கவிளைவு என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்த மருந்து சிறிய இரத்தக் குழாய்களை விரிக்கிறது. அதனால் நீர் கசிந்து காலில் இறங்குகிறது. அளவு கூடக்கூட வீக்கம் வரும் வாய்ப்பும் கூடும். டாக்டரிடம் போயிருந்தால் அளவைக் குறைத்திருப்பார், இல்லை வேறு மருந்துக்கு மாற்றியிருப்பார். உடம்பில் தண்ணீர் கூடிப்போய் வருகிற வீக்கம் இல்லை என்பதால் நீர்க் குளிசை போட்டு அதைச் சரிசெய்ய முடியாது.

அம்மா போனது 'டாக்டரையா'விடம். அவர் காலைப் பார்த்துவிட்டு, "கிட்னியில தண்ணி நிக்குது, இறக்கணும்" என்று ஒரு குளிசை கொடுத்தார். இரத்தம் சோதிக்கவில்லை, சிறுநீர் சோதிக்கவில்லை, பிரஷர்கூடப் பார்க்கவில்லை. அது பியூரோசமைட் என்ற நீர்க் குளிசை, 40 மில்லிகிராம். காலையில் ஒன்று.

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் குளிசை போட்டால் ஐந்தாறு மணித்தியாலம் அடிக்கடி சிறுநீர் போகும். ஆபீசில் இருப்பவருக்கு அது ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். கொழுந்து மலையில் பெண்களுக்குக் கக்கூஸ் எங்கே இருக்கிறது? தேயிலைக்குள்ளே ஒதுங்க வேண்டும், அட்டை கடிக்கும், கங்காணி சத்தம் போடுவார், அதற்குள் கிலோ குறைந்தால் அரைப்பேர். அம்மா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். காலையில் ஒரு பிளேன்டீயோடு சரி, மத்தியானம் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை. "தண்ணி குடிச்சாத்தானே புள்ள போகணும்" என்று என்னிடமே சொன்னார். நானும் சிரித்தேன். மருந்து ஒரு பக்கம் நீரை இறக்குகிறது, அம்மா இன்னொரு பக்கம் தண்ணீரை நிறுத்துகிறார். மேலே வெயில்.

அப்புறம் கெண்டைக்கால் பிடிப்பு வந்தது. இரவில் எழுந்து உட்கார்ந்து அழுவாராம். உடம்பு சோர்வு, தலைச்சுற்று. மறுபடி டாக்டரையா. "உடம்புல சத்து இல்லம்மா" என்று சத்துக் குளிசை, ஒன்று 45 ரூபாய். வயிறு எரிகிறது என்றதும் அதற்கும் ஒன்று, 25 ரூபாய். மாதக் கணக்குப் பாருங்கள். பிரஷர் குளிசை 2160, நீர்க் குளிசை 360, சத்துக் குளிசை 1350, வயிற்றுக் குளிசை 750. ஒரு குளிசையில் தொடங்கியது நான்கு குளிசையில் நின்றது. பின்னால் வந்த மூன்றும் முதல் குளிசை செய்த வேலைக்கு மருந்து. அந்தச் சத்துக் குளிசை மட்டும் அம்மாவின் சரியாக ஒரு நாள் சம்பளம்.

ஒரு திங்கட்கிழமை மலையில் கூடையோடு சரிந்து விழுந்தார். பக்கத்து நிரையில் நின்ற சித்தி கத்தி ஆள் கூட்டியிருக்கிறார். அம்புலன்சுக்கு 1990 என்ற நம்பருக்கு அடித்தார்கள். அம்புலன்ஸ் மலைக்கு ஏறாது, அதனால் கம்பளியில் படுக்கவைத்து ரோட்டுக்குத் தூக்கி வந்தார்கள். ஆஸ்பத்திரியில் பிரஷர் 90க்கு 60. இரத்தத்தில் பொட்டாசியம் 2.8. அது 3.5க்குக் கீழே போகக்கூடாதாம், ரொம்ப இறங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும் என்று டாக்டர் சொன்னார்.

"என்ன மருந்து குடிக்கிறீங்க?" என்று கேட்டால் பதில் சொல்ல யாருக்கும் தெரியவில்லை. தம்பி வீட்டுக்கு ஓடிப்போய் உறைகளைக் கொண்டு வந்தான். உள்ளே இருந்தவை குளிசை அட்டையிலிருந்து கத்தரியால் நறுக்கிய துண்டுகள். ஒன்றில் பெயரின் பாதியும் '10' என்பதும் இருந்தது. காலாவதித் திகதி, விலை அச்சிட்ட பக்கம் எதிலும் இல்லை. நீர்க் குளிசை டப்பாவிலிருந்து எண்ணிப் போட்ட உதிரி, அதில் அதுவும் இல்லை. ஆஸ்பத்திரி மருந்தாளர் ஒருவர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் இன்னது என்று சொன்னார். அம்மா நான்கு நாள் வார்டில் இருந்தார்.

நான் கொழும்பிலிருந்து வந்து அந்தக் கடைக்குப் போனேன். பில் கேட்டேன். பில் மெஷின் பழுதாம். பதிவுசெய்த பார்மசிஸ்ட் ஒருவர் கடையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். சுவரில் ஒரு பெண்ணின் பெயரில் சான்றிதழ் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. அவர் எங்கே என்றேன், "மிஸ் இண்டைக்கு லீவு" என்றார். நான் மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் மிஸ் லீவு. அம்லோடிபினும் பியூரோசமைட்டும் துண்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்துகள் என்றதும் அவருடைய குரல் மாறியது. "உங்கம்மா கேட்டாங்க, நான் குடுத்தேன். யாரும் வாயில ஊத்தல தங்கச்சி." கடைசித் தடவை ஆயிரம் ரூபாயும் ஒரு பால்மா பக்கெட்டும் கொடுத்து அனுப்பப் பார்த்தார். நான் வாங்கவில்லை. வாங்கியிருக்கலாம் என்று தம்பி இன்னும் சொல்கிறான்.

பாவனையாளர் அதிகார சபைக்கு 1977 என்ற நம்பரில் பேசினேன். முதலில் கேட்டது பில் இருக்கிறதா என்றுதான். அதனால்தான் சொல்கிறேன், பத்து ரூபாய்க்கு வாங்கினாலும் பில் கேளுங்கள். குளிசையை நறுக்கும்போது பெயரும் திகதியும் இருக்கிற பக்கத்தை உங்களுக்குத் தரச் சொல்லுங்கள். உறையில் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் எழுதச் சொல்லுங்கள். கம்பனி வைத்த பெயரை விடுங்கள், மருந்தின் பொதுப்பெயரைக் கேளுங்கள். எழுத மாட்டேன் என்றால் அந்தக் கடை வேண்டாம். இன்னொன்று, அரசாங்கத்தின் ஒசுசல கடைகள் இருக்கின்றன. 1971இல் தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் கடைகள் அவை. கண்டிக்குப் போனபோது ஒசுசலயில் அதே அம்லோடிபின் 5 விலை கேட்டேன். முப்பது குளிசைக்கு இருநூறு ரூபாய்கூட வரவில்லை.

ஆனால் இதைப் படித்துவிட்டுப் பிரஷர் குளிசையையே நிறுத்திவிடாதீர்கள். பக்கத்து லயத்தில் ஒரு மாமா அப்படித்தான் "எல்லாம் விஷம்" என்று நிறுத்தியிருக்கிறார். அதற்கு நான் ஜவாப்தாரி ஆக முடியாது. உறைகளை அப்படியே எடுத்துக்கொண்டு, கிளினிக் கொப்பியோடு டாக்டரிடம் காட்டுங்கள், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு இப்போது கிளினிக்கில் அம்லோடிபினை நிறுத்திவிட்டு லோசார்டன் கொடுக்கிறார்கள். கால் வீக்கம் இரண்டு வாரத்தில் வற்றியது. மற்ற மூன்றும் தேவையில்லை என்றார்கள். கிளினிக் நாளில் பேர் போகத்தான் செய்கிறது. அந்த நாள் சம்பளத்தை நான் அனுப்புகிறேன்.

அம்மா வார்டிலிருந்து வந்த அன்று பார்க்க வந்த பெண்கள் ஒவ்வொருவராக முந்தானையிலிருந்தும் பையிலிருந்தும் உறைகளை எடுத்து என் கையில் கொடுத்தார்கள். "இது என்னான்னு பாரு புள்ள." ஏழு உறைகள், அதே கடை, அதே கையெழுத்து, 'காலை 1'. எனக்கு என்ன தெரியும், நான் துணி விற்கிறவள்.

10ஆம் திகதி சம்பளம். அன்றைக்குச் சாயங்காலம்தான் அந்தக் கடையில் நிற்க இடம் இருக்காது. அதற்கு முன்னால் நாலு பேர் கண்ணிலாவது படட்டும் என்று இன்று இரவே எழுதிப் போடுகிறேன். லயத்தில் போன் இல்லாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.