தாடி ஓணானுக்கான ஸ்டார்டர் கிட்: எதை வைத்துக்கொள்ளலாம், எதைத் தூக்கிப் போடலாம்

பியர்டட் டிராகன் என்ற வளர்ப்புத் தாடி ஓணானுக்கென்று விற்கும் ஸ்டார்டர் கிட் எந்தப் பெயரில் வந்தாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான். 30 அங்குல நீளத்தில் 20 காலன் கண்ணாடித் தொட்டி, கம்பிவலை மூடி, சூட்டுக்கு ஒரு பல்பு, யுவிபி என்ற புற ஊதாக் கதிர் தரும் சுருள் வடிவ பல்பு, இரவுக்குச் சிவப்பு பல்பு, கண்ணாடியில் ஒட்டும் முள் தெர்மாமீட்டர், ஒரு பை கால்சியம் மணல், ஒரு தூளி, பிளாஸ்டிக் குகை, நாலு பக்கக் கையேடு.

“கிட்டப் போனாலே தாடி (தொண்டைக்கடியில் முள்ளுமுள்ளாக இருக்கும் தோல்) கறுத்துப்போகிறது, வாயைப் பிளக்கிறது, பழகவே மாட்டேன் என்கிறது” என்று புகார் சொல்பவர்கள் முதலில் பிராணியின் சுபாவத்தைத்தான் சந்தேகிக்கிறார்கள். சந்தேகப்பட வேண்டியது பெட்டியை. சூடும் வெளிச்சமும் சரியில்லாத தொட்டியில் எவ்வளவு பொறுமையாகக் கை நீட்டினாலும் நம்பிக்கை வராது. ஆகவே இந்த விமர்சனத்தில் மதிப்பெண் போடுவது பிராணியின் உடம்பு.

அந்த உடம்பின் பாஷை நமக்கு முழுக்கப் புதிதல்ல. ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியிலிருந்து வந்த இதுவும் நம் வேலி ஓணானும் அகாமிடே என்ற ஒரே குடும்பம். கல்லின் மேல் நின்று வெடுக்வெடுக்கென்று தலையாட்டும் ஆண் ஓணானைப் பார்த்தவருக்கு இங்கேயும் அர்த்தம் அதேதான்: இது என் இடம். குட்டிகள் ஒரு முன்காலைத் தூக்கி மெதுவாகச் சுழற்றும். பார்க்க ‘டாட்டா’ காட்டுவது போலிருக்கும், வீடியோ எடுத்துப் போடுகிறார்கள். உண்மையில் அது “நான் சின்னவன், விட்டுவிடு” என்ற சரணாகதி. உங்களைப் பார்த்தே அடிக்கடி அப்படிச் செய்தால் இன்னும் பயந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

இனி தொட்டி. குட்டிக்குச் சில மாதம் தாங்கும். வளர்ந்த பிராணி வாலோடு சேர்த்து 45 முதல் 60 செ.மீ. வரை வரும். அதற்குக் குறைந்தது 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் வேண்டும். இடநெருக்கடியைவிடப் பெரிய சிக்கல் சூடு. வெயில் காயும் கல்லின் மேற்பரப்பு 38 முதல் 42 டிகிரி செல்சியஸ், மறு கோடி 24 முதல் 28 என்று இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். 30 அங்குலத்துக்குள் அந்த வித்தியாசத்தைக் கொண்டுவருவது கடினம், குளிர்ந்த மூலையும் சூடேறிவிடும். பின்னங்காலில் நின்று கண்ணாடியைப் பிறாண்டிக்கொண்டே இருந்தால் முதலில் இதைப் பாருங்கள். வெப்பம் சரியாக இருந்தும் பிறாண்டுகிறதா? கண்ணாடியில் தெரியும் தன் பிம்பத்தை எதிரி என்று நினைத்திருக்கும். பின்பக்கமும் இரண்டு பக்கவாட்டும் வெளியிலிருந்து காகிதம் ஒட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

வாய் திறந்திருப்பதை எங்கே திறந்திருக்கிறது என்று பார்த்துத்தான் படிக்க வேண்டும். பல்புக்கு நேர் கீழே, தாடி வெளிறிய நிறத்தில், உடம்பு தளர்ந்து வாய் திறந்திருந்தால் சூட்டை வெளியேற்றுகிறது, கவலை வேண்டாம். குளிர்ந்த மூலையிலும் திறந்தே இருந்தால் தொட்டி முழுவதும் கொதிக்கிறது. அதோடு மூக்கில் சளியோ மூச்சில் சத்தமோ இருந்தால் ஊர்வன மருத்துவரிடம் போக வேண்டும். தாடி கறுத்து, தொண்டை உப்பி, உங்களைப் பார்த்துத் திறந்தால் அது எச்சரிக்கை. காலையில் முதுகு கறுத்து அப்பளம் போலத் தட்டையாகக் கிடப்பது மட்டும் வேறு கதை. கறுப்பு நிறம் சூட்டை வேகமாக உறிஞ்சும், வெயில் காய்கிறது, அவ்வளவுதான். வயிற்றில் கருங்கோடுகளும் வட்டங்களும் நாள் முழுவதும் மறையாமல் இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

முள் தெர்மாமீட்டர் கண்ணாடியோரக் காற்றைச் சொல்லும், கல்லின் சூட்டைச் சொல்லாது. கம்பி உணரி உள்ள டிஜிட்டல் மீட்டர் இரண்டும் மேற்பரப்பின் சூட்டை அளக்கும் ஓர் இன்ஃப்ராரெட் துப்பாக்கியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கிட்டின் பெரிய ஓட்டை யுவிபி பல்புதான். சுருள் பல்பின் வீச்சு அதன் நேர் கீழே ஒரு சிறு வட்டம், தள்ளிப் போகப் போக சடசடவென்று குறையும். அதையும் கம்பிவலைக்கு மேலே வைக்கச் சொல்கிறார்கள். வலையின் அடர்த்தியைப் பொறுத்து மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் பாதிவரை அங்கேயே போய்விடும். யுவிபி போதாவிட்டால் உடம்பில் வைட்டமின் டி3 உருவாகாது, டி3 இல்லாவிட்டால் உணவில் தூவும் கால்சியம் உடம்பில் ஏறாது. தாடை மெத்தென்று ஆகும், விரல்கள் துடிக்கும், எலும்பு வளையும். எலும்பு வலிக்கும் பிராணியைத் தூக்கினால் வாயைப் பிளக்காமல் என்ன செய்யும்? அதற்குத்தான் “கோபக்காரன்” என்ற பட்டம்.

இதற்கு மாற்று டி5 ஹெச்ஓ (மெல்லிய, அதிக வீச்சுள்ள) நீளக் குழல் விளக்கு. ஜூ மெட் நிறுவனத்தின் ரெப்டிசன் 10.0, ஆர்கேடியாவின் 12 சதவீதக் குழல் இரண்டுமே வேலைக்கு ஆகும். 4 அடித் தொட்டிக்கு 34 அங்குல 39 வாட் அளவு போதும். பிரதிபலிப்பான் உள்ள விளக்குக் கூட்டில், சூட்டு பல்பு இருக்கும் பக்கமே குழலும் வர வேண்டும். பிராணியின் முதுகுக்கும் குழலுக்கும் நடுவே வலை இல்லாவிட்டால் 30 முதல் 40 செ.மீ. இடைவெளி. புற ஊதாவை அளக்கும் சோலார்மீட்டர் 6.5 என்ற கருவி கிடைத்தால் வெயில் காயும் இடத்தில் புற ஊதாக் குறியீடு 3 முதல் 5 வரை காட்டுகிறதா என்று பாருங்கள். விளக்கின் கீழ் இரண்டு கண்ணையும் இடுக்கிக்கொண்டே இருந்தால் குழல் மிக அருகில் இருக்கிறது, அல்லது பக்கவாட்டிலிருந்து கண்ணில் அடிக்கிறது.

சிவப்பு பல்பைத் தூக்கிப் போடுங்கள். இதற்குச் சிவப்பு வெளிச்சம் நன்றாகவே தெரியும். 12 மணி நேர இருட்டு கெட்டால் மறுநாள் சோர்வும் சிடுசிடுப்பும்தான். இரவில் 18 டிகிரிவரை இறங்கலாம், அதற்கும் கீழே போகும் வீட்டில் வெளிச்சமில்லாத செராமிக் ஹீட்டர். கால்சியம் மணலும் வேண்டாம். இரையோடு சேர்த்து விழுங்கினால் குடலில் கட்டியாகலாம். குட்டிக்குக் காகிதத் துண்டு, பெரியதற்கு ஸ்லேட் கல் பதித்தால் நகமும் தானே தேயும்.

தூளிக்கு மட்டும் முழு மதிப்பெண். உயரத்தில் படுத்துப் பார்ப்பது இதற்குப் பிடிக்கும். ஆனால் அதைக் கண்ணாடியில் பிடித்திருக்கும் ரப்பர் உறிஞ்சிகள் சூட்டில் சில வாரங்களில் கழன்றுவிடும், கொக்கி போட்டு மாட்டுங்கள்.

கையேட்டில் முதல் நாளே கையில் எடுத்துப் பழக்கச் சொல்லியிருந்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம். வேலியில் போகிற ஓணானை வேட்டிக்குள் விட்ட கதைக்கு அதுதான் முதல் வரி. முதல் வாரம் பத்து நாள் தொடவே வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள், வேளாவேளைக்குத் தீனி வையுங்கள். அப்புறம் தினமும் ஐந்து நிமிடம், கையைத் தொட்டியின் தரையில் அசையாமல் வைத்திருங்கள். நாக்கால் கையைத் தொட்டுப் பார்த்தால் விசாரிக்கிறது என்று அர்த்தம், நல்ல அடையாளம். அடுத்த கட்டம், விரலிலிருந்து ஒரு கீரைத்துண்டு. புழு கொடுப்பதானால் இடுக்கியில்.

தூக்கும்போது மேலிருந்து கை போகக் கூடாது. உச்சந்தலையில் ஒளியை மட்டும் உணரும் மூன்றாவது கண் ஒன்று இருக்கிறது, மேலே விழும் நிழல் இதற்குப் பருந்து. பக்கவாட்டில், அதன் கண் மட்டத்தில் போய், நெஞ்சுக்கடியில் கையை நுழைத்து, நாலு காலும் வாலும் தாங்கும்படி எடுங்கள். முதலில் மூன்று நிமிடம் போதும், அமைதியாக இருக்கும்போதே திருப்பி விட்டுவிடுங்கள். கை உள்ளே இருக்கும்போது தாடி கறுத்தால் வெடுக்கென்று இழுக்காதீர்கள், மிரட்டினால் கை ஓடிவிடும் என்று கற்றுக்கொள்ளும். அசையாமல் நின்று, நிறம் தணிந்ததும் மெல்ல எடுங்கள்.

தடவும்போது கண்ணை மூடினால் சொக்கிப் போயிற்று என்று பலர் நினைக்கிறார்கள். பல சமயம் அது “தாங்கிக்கொள்கிறேன்” என்ற முகம். கண் திறந்து, கால்கள் தளர்ந்து, சுற்றுமுற்றும் பார்த்தபடி தோளில் கிடப்பதுதான் உண்மையான நிம்மதி. தோல் உரியும் நாட்களில் தொந்தரவு செய்ய வேண்டாம். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், சால்மொனெல்லா கிருமி இருக்கலாம்.

நன்றாகப் பழகிய பிராணி பல மாதம் கழித்துத் திடீரென்று முறைத்தால் முதலில் குழலின் வயதைப் பாருங்கள். வெளிச்சம் பளிச்சென்று இருந்தாலும் யுவிபி மெல்ல இறங்கிக்கொண்டே போகும், 12 மாதத்தில் மாற்றியாக வேண்டும். மாட்டும் அன்றே குழலின் ஓரத்தில் மார்க்கரால் தேதி எழுதிவிடுங்கள்.